கண் திறந்திருந்தும் காணாதது ஏன்?

தைப்பூசத்தின்போது நம் ஊர் அடிவாரத்தில் கூடும் கூட்டத்தைப் பார்க்காத மாணவி இப்பள்ளியில் இருக்க முடியாது. காவடியும் மேளமும், பஞ்சாமிர்தக் கடை விளக்குகளும், திரும்பிய பக்கமெல்லாம் பச்சை ஆடை உடுத்திய பாதயாத்திரைக்காரர்களுமாக வீதி நிறைந்து வழியும். அந்தக் கூட்டத்தில் பச்சைப் பாவாடை உடுத்திய ஒரு சிறுமி தாயின் கையை விட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். தாய் பதறித் தேடுகிறாள். மகளோ பத்தடி தூரத்தில் ஒரு பலூன்காரன் அருகிலேயே நிற்கிறாள். தாயின் கண் அந்தப் பக்கம் இரண்டு முறை சென்று மீள்கிறது. ஆனால் மகளைக் காணவில்லை. கடைசியில் சிறுமி "அம்மா" என்று அழுத பிறகுதான் தெரிகிறது. "கண்ணெதிரே நின்றாளே! என் கண்ணுக்கு என்ன வந்தது?" என்று தாய் தன்னையே நொந்துகொள்கிறாள்.

அந்தத் தாயின் கண்ணுக்கு ஒன்றும் வரவில்லை. கண் பார்த்தது, கவனம் பார்க்கவில்லை. பார்ப்பது வேறு, காண்பது வேறு. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை உளவியல் அறிஞர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றுள் சிலவற்றை அறிந்துகொள்வது மாணவியராகிய உங்களுக்கும், உங்கள் பெற்றோருக்கும் பயன் தரும்.

கண் ஒரு சிறு சாளரம்

நம் எதிரே உள்ள காட்சி முழுவதும் ஒரே தெளிவோடு தெரிவதாக நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறு குழியில்தான் மிகத் தெளிவான பார்வை இருக்கிறது. கையை நேராக நீட்டிக் கட்டை விரலை உயர்த்துங்கள். அந்த விரல் நகத்தின் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு பரப்புதான் ஒரு நேரத்தில் மிகத் தெளிவாகத் தெரியும். அதைச் சுற்றியுள்ளவை போகப் போக மங்கலானவை.

இந்தக் குறையை ஈடு செய்யக் கண்கள் ஓயாமல் தாவுகின்றன. ஒரு நொடியில் சுமார் மூன்று முறை தாவுகின்றன. கண் தாவும் கணத்தில் காட்சி குழம்பாதபடி மூளை பார்வையை அடக்கி வைக்கிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று உங்கள் இடக் கண்ணைப் பாருங்கள். பிறகு வலக் கண்ணைப் பாருங்கள். உங்கள் கண் அசைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்கும் தங்கையைக் கேளுங்கள். "நன்றாக அசைகிறதே" என்பாள்.

இப்படித் துண்டு துண்டாக வந்து சேரும் செய்திகள் அனைத்தையும் மூளையால் ஒரே சமயத்தில் ஆராய முடியாது. எனவே சிலவற்றைத் தேர்ந்து எடுக்கிறது; மற்றவற்றை ஒதுக்குகிறது. இந்தத் தேர்வுக்குத்தான் கவனம் என்று பெயர். ஒன்றைக் கவனிப்பதென்றால் மற்றவற்றிலிருந்து விலகுவதே என்பதை அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் உளவியல் நூலில் விளக்கியிருக்கிறார். நம் ஊரில் குதிரை வண்டிகள் நிறைய ஓடிய நாட்களைப் பெரியவர்கள் அறிவார்கள். குதிரையின் கண்ணோரத்தில் பட்டை கட்டியிருக்கும். அது பக்கத்தில் பாராமல் பாதையைப் பார்த்துப் போவதற்காக. மனிதருக்கு அப்படிப் பட்டை கட்ட வேண்டியதில்லை. கவனம் என்ற பட்டை உள்ளேயே இருக்கிறது.

கண் அசையாமலே கவனம் அசையும்

கண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கவனமும் இருக்கும் என்று சொல்ல முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு சோதனை செய்தார். இருட்டில் எழுத்துகள் நிறைந்த ஒரு பரப்பை வைத்து, அதன் நடுவில் ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்தினார். மின்பொறியால் ஒரு கணம் மட்டும் வெளிச்சம் உண்டாக்கினார். கண்ணை அசைக்க அந்த நேரம் போதாது. ஆனாலும், எந்தப் பக்கத்தைக் கவனிப்பது என்று முன்னதாக மனத்தில் தீர்மானித்திருந்தாரோ, அந்தப் பக்கத்து எழுத்துகளை அவரால் படிக்க முடிந்தது.

அமெரிக்க அறிஞர் மைக்கேல் போஸ்னர் இதையே அளந்து காட்டும் முறையை உண்டாக்கி 1980-இல் வெளியிட்டார். சோதனைக்கு வந்தவர் திரையின் நடுவிலேயே கண்ணை வைத்திருக்க வேண்டும். ஒரு குறி, "வலப்பக்கம்" அல்லது "இடப்பக்கம்" என்று முன்னறிவிக்கும். பிறகு ஒரு பக்கத்தில் ஒளி தோன்றும். தோன்றியவுடன் விசையை அழுத்த வேண்டும். குறி காட்டிய பக்கத்திலேயே ஒளி வந்தால் விரைவில் அழுத்தினார்கள். மறுபக்கத்தில் வந்தால் தாமதித்தார்கள். வேறுபாடு கண்ணிமைக்கும் நேரத்தை விடக் குறைவுதான். ஆயினும் அதை அளக்க முடிந்தது. கண்ணை அசைக்காமலே கவனம் இடம் பெயர்ந்ததற்கு அதுவே சான்று.

வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடியே மதிய உணவு மணிக்குக் காது கொடுத்திருக்கும் மாணவிக்கு இதை விளக்கத் தேவையில்லை! செபத்தில் மனம் அலைவதைப் "பராக்கு" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். முழந்தாளிட்டுப் பீடத்தையே நோக்கியிருந்தாலும் பராக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முறத்திலே ஒரு பாடம்

அம்மா முறத்தில் அரிசி பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கறுப்புக் கல் கிடந்தால் உடனே கைக்கு வந்துவிடும். அரிசியின் நிறத்திலேயே கிடக்கும் வெள்ளைக் கல்லைக் காண ஒவ்வொரு பகுதியாகத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தும் ஒன்று தப்பி, சாப்பிடும்போது பல்லில் கடிபடும்.

இங்கிலாந்தில் பிறந்த உளவியல் அறிஞரான ஆன் டிரைஸ்மன் என்ற பெண்மணி, கேரி கெலேட் என்பவருடன் சேர்ந்து 1980-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைப் பற்றியதே. நீல எழுத்துகளின் நடுவே ஒரு சிவப்பு எழுத்து இருந்தால், சுற்றிலும் ஐந்து எழுத்து இருந்தாலும் முப்பது இருந்தாலும், கண்டுபிடிக்க ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது. அது தானே துள்ளி வந்து கண்ணில் படுகிறது. ஆனால் நிறம், வடிவம் என்ற இரண்டும் சேர்ந்த ஒன்றைத் தேடச் சொன்னால் நிலைமை மாறுகிறது. சிவப்பு வட்டங்களும் நீலச் சதுரங்களும் கலந்து கிடக்க, அவற்றினிடையே ஒரே ஒரு சிவப்புச் சதுரத்தைத் தேடுவதாகக் கொள்ளுங்கள். கூட்டம் பெருகப் பெருகத் தேடும் நேரமும் பெருகுகிறது.

காரணம் என்ன? நிறம், வடிவம், சாய்வு போன்ற தன்மைகளை மூளை தனித்தனியாக, காட்சி முழுவதிலும் ஒரே நேரத்தில் அறிந்துகொள்கிறது. அந்தத் தன்மைகளை ஒட்டி ஒரே பொருளாக்குவதற்கே கவனம் வேண்டும். கவனம் ஒவ்வோர் இடமாகச் சென்றுதான் அந்த வேலையைச் செய்கிறது என்றார் டிரைஸ்மன். அவருக்குப் பின் வந்தவர்கள் இக்கருத்தைப் பல இடங்களில் திருத்தியிருக்கிறார்கள். எனினும் அடிப்படையான வேறுபாடு நிலைத்திருக்கிறது.

இப்போது அடிவாரத்துத் தாயை மீண்டும் நினையுங்கள். பச்சை ஆடைக் கூட்டத்தில் பச்சைப் பாவாடைச் சிறுமி, அரிசியில் கிடக்கும் வெள்ளைக் கல்லைப் போன்றவள். அவள் மஞ்சள் சட்டை அணிந்திருந்தால் கறுப்புக் கல்லைப் போலத் தானே தெரிந்திருப்பாள். இரவில் நெடுஞ்சாலையோரம் நடந்து வரும் பாதயாத்திரைக்காரர்கள் முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்வதும் இதற்காகத்தான். தேடாமலே கண்ணில் பட வேண்டும். அதில்தான் உயிர் இருக்கிறது.

தமிழ்நாட்டு அறிஞர் ஒருவர்

இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர்களுள் நம்மவர் ஒருவரும் உண்டு. அவர் விளையனூர் எஸ். இராமச்சந்திரன். 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்து, பின்பு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பணியாற்றியவர்.

1988-இல் அவர் வெளியிட்ட சோதனைக்குத் தாளும் பென்சிலும் போதும். சில வட்டங்கள் வரைந்து, மேல்பாதி வெளுப்பாகவும் கீழ்பாதி கறுப்பாகவும் சிறிது சிறிதாகத் தீட்டுங்கள். அவை முட்டை போல் மேடாகத் தெரியும். வேறு சில வட்டங்களில் மேலே கறுப்பும் கீழே வெளுப்புமாகத் தீட்டினால், அவை குழியாகத் தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். மேடு குழியாகும், குழி மேடாகும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை, கேட்காமலே எடுத்துக்கொள்வதுதான் இதற்குக் காரணம். காலங்காலமாகக் கதிரவன் மேலிருந்துதானே ஒளி தருகிறான்! மேடுகளின் நடுவே ஒரே ஒரு குழி இருந்தால் அதுவும் கறுப்புக் கல்லைப் போலத் தானே கண்ணில் படும் என்று அவரும் உடன் உழைத்தவர்களும் பின்னர்க் காட்டினார்கள்.

மூளையில் அடிபட்ட நோயாளிகளையும் அவர் ஆராய்ந்தார். மூளையின் வலப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பாதிக்கப்பட்டவர்களுள் சிலருக்கு உலகின் இடப்பக்கமே இல்லாதது போல் ஆகிவிடுகிறது. கண்ணில் பழுதில்லை. ஆனாலும் இலையின் வலப்பாதியில் உள்ள சோற்றை மட்டும் உண்டு, இடப்பாதியை அப்படியே விட்டுவிடுவார்கள். அவர்கள் இழந்தது பார்வையை அன்று; கவனத்தை. கண்ணுக்கும் கவனத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட எதுவும் வேண்டியதில்லை.

எதிரே வந்த கொரில்லா

1999-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டபர் சாப்ரி என்ற இருவர் வெளியிட்ட சோதனை வேடிக்கையானது. ஒரு குறும்படத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் மூவரும் கறுப்புச் சட்டைக்காரர் மூவரும் பந்து வீசி விளையாடுகிறார்கள். ஓர் அணியார் எத்தனை முறை பந்தை வீசினார்கள் என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லாக் குரங்கு வேடமிட்ட ஒருவர் உள்ளே வந்து, மார்பில் அடித்துக்கொண்டு, மெதுவாக வெளியே போகிறார். படம் முடிந்தபின் கேட்டால், பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் "குரங்கா? எந்தக் குரங்கு?" என்றார்கள்.

அவர்கள் வேறு பக்கம் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கலாம். 2006-இல் கண் அசைவை அளக்கும் கருவி கொண்டு, சிறுவர்களிடம் இதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். குரங்கைக் கண்டவர்களும் காணாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம், சுமார் ஒரு நொடி, அதன் மீது கண்ணை வைத்திருந்தார்கள்!

தேர்ந்தவர்கள் தவறமாட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 2013-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், நுரையீரல் படங்களைப் பார்த்து நோய்க்கட்டி கண்டறியும் மருத்துவர்கள் 24 பேரிடம், ஒரு சிறு கொரில்லாப் படம் சேர்த்த நுரையீரல் படங்களைக் கொடுத்தார்கள். 20 பேர் அதைக் காணவில்லை. அவர்கள் தேடியது கட்டியை, குரங்கை அன்று. நாம் தேடுவது கிடைக்கும். எதிர்பாராதது எதிரே வந்தாலும் தவறிப்போகும்.

நூறு கவனகர்

"ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனிக்கும் ஆற்றல் உள்ளவர்கள் நம் நாட்டில் இருந்தார்களே?" என்று யாரேனும் கேட்கலாம். உண்மைதான். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் முதுகில் நெல்லையோ கல்லையோ எறிவார், ஒருவர் மணியடிப்பார். எல்லாவற்றுக்கும் கடைசியில் பிழையின்றி விடை சொல்வதே அவதானக் கலை. தமிழில் இதைக் கவனகம் என்கிறோம்.

இதன் இரகசியம் கவனத்தை நூறு துண்டாக உடைப்பதில் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைவாகச் சென்று, ஒவ்வொன்றையும் நினைவில் அதனதன் இடத்தில் வைத்து, மீண்டும் எடுப்பதில் இருக்கிறது. அதற்கு ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் கைபேசியையும் தொலைக்காட்சியையும் வைத்திருக்கும் மாணவி கவனகர் ஆகிவிட மாட்டாள். ஒவ்வொரு முறை மாறும்போதும் சிறிது நேரமும் சிறிது பொருளும் நழுவிப் போகும். அவ்வளவுதான்.

வழியில் கிடந்த மனிதன்

கடைசியாக ஒரு சோதனை. இதைப் படித்த நாள் முதல் என் மனத்தை விட்டு அது நீங்கவில்லை. 1973-இல் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலார், அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் மறைநூல் பயிலும் இறையியல் மாணவர் நாற்பது பேரை வைத்து இதைச் செய்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்துக்குச் சென்று ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, நல்ல சமாரியன் உவமை. சிலரிடம் "நேரமாகிவிட்டது, விரைந்து செல்லுங்கள்" என்றார்கள். சிலரிடம் "நிறைய நேரம் இருக்கிறது" என்றார்கள். வழியில் ஒரு வாசலோரம் ஒரு மனிதன் சாய்ந்து கிடந்து, இருமி முனகிக்கொண்டிருந்தான். அவனை அங்கே இருக்கச் செய்தவர்கள் ஆராய்ச்சியாளர்களே.

நேரம் இருந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் உதவ முன்வந்தார்கள். அவசரப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரே நின்றார்கள். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்கள் என்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் ஏற்படவில்லை. அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். அவசரம் சிலருடைய கவனத்தைச் சுருக்கியிருக்கலாம். சிலர் கண்டும், எங்கே போவது என்று தடுமாறியிருக்கலாம் என்று அவ்விருவரும் எழுதினார்கள். கண்ணிருந்தும் காணாதிருப்பதைப் பற்றி ஆண்டவர் தம் சீடரிடம் கேட்டது எவ்வளவு ஆழமான கேள்வி என்பது இங்கே விளங்குகிறது.

நமக்கு என்ன பாடம்?

முதலாவது, திருவிழாக் கூட்டத்துக்குப் போகும்போது தம்பி தங்கையருக்குக் கூட்டத்தின் நிறத்திலிருந்து வேறுபட்ட ஆடை அணிவியுங்கள். பிரிந்துபோனால் நிற்க வேண்டிய இடத்தையும் முன்னதாகச் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, சாலையைக் கடக்கும்போது "ஓட்டுநர் நம்மைப் பார்க்கிறார்" என்று நம்பிவிடாதீர்கள். அவர் கண் உங்கள் மீது இருக்கலாம். கவனம் வேறெங்கோ இருக்கலாம். பெற்றோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மகளைப் பின்னால் அமர்த்தி இருசக்கர வண்டி ஓட்டும்போது கைபேசியில் பேசுவது சட்டப்படி குற்றம் என்பது மட்டுமன்று. அந்த நேரத்தில் கண் திறந்திருந்தும் சாலை தெரியாது.

மூன்றாவது, தேர்வில் விடையை எழுதி முடித்தவுடன் மேலோட்டமாகப் பார்த்தால் பிழை தெரியாது. எழுத நினைத்ததையே கண் படிக்கும். என்ன பிழையைத் தேடுகிறோம் என்று தீர்மானித்துக்கொண்டு தேடுங்கள். ஒரு முறை கூட்டல் கழித்தல் குறிகளை மட்டும் பாருங்கள்; மறுமுறை எண்களை மட்டும் பாருங்கள். தேடுவது கிடைக்கும் என்பதை மேலே கண்டோம் அல்லவா?

நான்காவது, "கண்ணை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளுமுன் ஒரு கணம் பொறுப்போம். காணாமல் விட்டது எல்லாம் அலட்சியத்தால் அன்று. அது மனித இயல்பு. அந்த மருத்துவர்களும் தவறினார்கள், அந்த இறையியல் மாணவர்களும் தவறினார்கள், நாமும் தவறுவோம்.

ஆனால் எதன் மீது கவனத்தை வைப்பது என்ற தேர்வு பெரும்பாலும் நம்மிடமே இருக்கிறது. வகுப்பில் கடைசி வரிசையில் ஒருத்தி சில நாட்களாகப் பேசாமல் இருக்கிறாள். மதிய உணவுப் பாத்திரத்தைத் திறக்காமலே மூடி வைக்கிறாள். தினமும் நம் கண் அவள் மீது பட்டுத்தான் செல்கிறது. நாளை மணியடித்து எல்லாரும் ஓடும்போது, ஒரு நிமிடம் நின்று அவளைக் காண்போமா?